நிற்கும் கொதிகலனும் ஓடும் கொதிகலனும்



எங்கள் வீட்டில் முன்பொரு நாள் நடந்த சிறு நிகழ்ச்சியோடு இன்றைய உரையைத் தொடங்குகிறேன். அடுப்பில் குக்கர் இருந்தது. உள்ளே தண்ணீர் வற்றிப்போனதை யாரும் கவனிக்கவில்லை. திடீரென்று 'புஸ்' என்று பெருஞ்சத்தம். சமையலறை முழுவதும் ஆவி. ஓடிப் போய் அடுப்பை அணைத்துப் பார்த்தால், மூடியின் மேலிருந்த சின்னஞ்சிறு பாதுகாப்புக் குமிழ் உருகிப் போயிருந்தது. புதிதாக வாங்கச் சோம்பல்பட்டு, அந்த ஓட்டையில் ஒரு திருகாணியைப் போட்டு இறுக முறுக்கி அடைத்துவிட்டேன். மிகவும் கெட்டிக்காரத்தனமான வேலை என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு!

மாலையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். செம்பனை எண்ணெய் ஆலையில் பல்லாண்டுக் காலம் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவர். குக்கர் மூடி அவர் கண்ணில் பட்டது.

"இதை யாரு தம்பி அடைச்சது?" என்றார்.

"நான்தான் ஐயா. இனிமே உருகாது."

"உருகணும் தம்பி! உருகுறதுக்குன்னுதானே அதை வெச்சிருக்கான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துல இருந்த பழைய பாய்லர்லயும் இதே மாதிரி ஒண்ணு உண்டு. அந்தக் காலத்துக் கரி இரயில் இஞ்சின்லயும் உண்டு. அதை அடைச்சா வீட்டுக்குள்ள வெடிகுண்டு வெச்ச மாதிரி. முதல்ல இதைக் கழற்று."

கழற்றிவிட்டேன். ஆனால் அவர் சொன்ன ஒன்று மனத்தில் தங்கிவிட்டது. ஆலையில் ஒரே இடத்தில் நிற்கும் பாய்லர் எங்கே, தண்டவாளத்தில் ஓடிய இரயில் இஞ்சின் எங்கே, நம் வீட்டுக் குக்கர் எங்கே! இவை மூன்றும் எப்படி உறவாகும்? உறவென்றால், உருவத்தில் ஏன் இத்தனை வேறுபாடு? ஆலையின் புகைபோக்கி வானளாவி நிற்கிறது. இரயில் இஞ்சினின் புகைபோக்கியோ ஒரு சாண் குட்டையாக இருந்தது. இது ஏன்? இவற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் நீராவியின் இயல்பைத் தெரிந்துகொள்வோம். இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்கும்போது மூடி தடதடவென்று ஆடுவதைத் தாய்மார்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள். அந்த மூடியைத் தூக்குவது எது? ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக மாறினால் அது ஏறத்தாழ 1,600 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒருவர் படுத்திருந்த அறையில் திடீரென்று ஆயிரத்து அறுநூறு பேர் நுழைந்தால் என்ன ஆகும்? கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேற முயல்வார்கள் அல்லவா? அந்தத் தள்ளலைத்தான் அழுத்தம் என்கிறோம்.

மூடியை இறுக மூடிவிட்டால் இன்னொன்றும் நடக்கிறது. திறந்த பாத்திரத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், அழுத்தம் கூடக்கூட, மேலும் சூடேறிய பிறகே கொதிக்கிறது. வீட்டுக் குக்கரில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 இறாத்தல் அழுத்தம் இருக்கும். அங்கே தண்ணீர் ஏறத்தாழ 120 பாகைச் சூட்டை அடைகிறது. அதனால்தான் பருப்பு விரைவில் வேகிறது. நம் செம்பனை ஆலையிலும் இதே கதைதான். குலைகளைப் பெரிய உருளைக் கலத்தில் அடைத்து, சதுர அங்குலத்துக்கு 40 இறாத்தலுக்குச் சற்று மேற்பட்ட அழுத்தமுள்ள நீராவியில், ஏறத்தாழ 140 பாகைச் சூட்டில், ஒரு மணி நேரத்துக்கு மேலும் அவிக்கிறார்கள். அப்போதுதான் பழங்கள் குலையிலிருந்து எளிதாக உதிரும்; எண்ணெயைக் கெடுக்கும் அமிலம் பெருகுவதும் நிற்கும். ஆக, அந்தக் கலம் ஒரு பெரிய குக்கர். அதற்கு வேண்டிய நீராவியைக் கொடுப்பது பாய்லர் என்று நாம் சொல்லும் கொதிகலன்.

கொதிகலன் என்பது என்ன? தண்ணீர் நிறைந்த, மூடிய, உறுதியான இரும்புக் கலம். அதைச் சூடாக்க ஒரு நெருப்பு. இவ்வளவுதான். ஆனால் நெருப்பை எங்கே வைப்பது, தண்ணீரை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லா வேறுபாடுகளும் பிறந்தன.

பழைய கொதிகலன்கள் சோற்றுப் பானையைப் போன்றவை. தண்ணீர் மேலே, நெருப்பு கீழே. இங்கிலாந்தில் ஜேம்ஸ் வாட் காலத்து இயந்திரங்களுக்குக் குறைந்த அழுத்தமே போதுமாக இருந்தது; அதனால் அத்தகைய கலங்கள் தாங்கின. ஆனால் அடுப்பின் சூட்டில் பெரும்பகுதி பக்கவாட்டில் வீணாகிப் போயிற்று. பிறகு ரிச்சர்ட் ட்ரெவிதிக் என்ற பொறியாளர், நீண்ட உருளைக் கலத்தின் நடுவே ஒரு பெரிய குழாயைச் செலுத்தி, அந்தக் குழாய்க்குள்ளேயே நெருப்பை மூட்டினார். நெருப்பைச் சுற்றிலும் தண்ணீர். சூடு எந்தப் பக்கம் போனாலும் தண்ணீரைத்தான் சுட வேண்டும்!

இந்த முறையை மேலும் வளர்த்து, வில்லியம் ஃபேர்பேர்ன், ஜான் ஹெதரிங்டன் என்ற இருவர் 1844-ஆம் ஆண்டில் உள்ளே இரண்டு நெருப்புக் குழாய்கள் கொண்ட கொதிகலனுக்கு உரிமை பெற்றனர். லங்காஷயர் கொதிகலன் என்று அதற்குப் பெயர். இங்கிலாந்தின் பஞ்சாலைகளிலும், பின்னர் உலகின் பல பகுதிகளில் இருந்த ஆலைகளிலும் பல தலைமுறைகள் உழைத்தது இதுதான். சுமார் 30 அடி நீளம், 8 அடி விட்டம். சுற்றிலும் செங்கல் சுவர். நெருப்பின் சூடு இரண்டு குழாய்கள் வழியே பின்பக்கம் போய், கலத்தின் அடிவயிற்றைத் தடவிக்கொண்டு முன்பக்கம் வந்து, மறுபடியும் இரு பக்கங்களையும் உரசிக்கொண்டு புகைபோக்கிக்குப் போய்ச் சேரும். சிக்கனமான தாய் ஒருத்தி அடுப்பில் எஞ்சிய தணலையும் வீணாக்காமல் வெந்நீர் வைத்துக்கொள்வது போல, இங்கே சூடு மூன்று முறை வேலை வாங்கப்படுகிறது.

இந்தக் கலத்தில் இருபது டன் அளவுக்குத் தண்ணீர் இருக்கும். குளிர்ந்து கிடக்கும் கலத்தை அவசரமில்லாமல், மெல்ல மெல்லத்தான் சூடேற்ற வேண்டும். ஆனால் சூடேறிவிட்டால், அத்தனை தண்ணீரும் ஒரு சேமிப்பைப் போன்றது. திடீரென்று நீராவி அதிகம் தேவைப்பட்டாலும் கலம் திணறாது. ஆலைக்கு இது பொருத்தம். ஆலை எங்கும் நகரப் போவதில்லை. எடை எவ்வளவு இருந்தாலும் பூமி தாங்கும்.

இதையே தூக்கிச் சக்கரத்தின் மேல் வைக்க முடியுமா? முடியாது. இரயில் இஞ்சினின் கொதிகலனுக்கு வேறு கட்டளைகள் இருக்கின்றன. அது தண்டவாளம் தாங்கும் எடைக்குள் அடங்க வேண்டும். இதே ட்ரெவிதிக் 1804-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் நாள் வேல்ஸ் நாட்டில் இரும்பு ஏற்றிய வண்டிகளை நீராவி இஞ்சினால் இழுத்துக் காட்டினார்; இஞ்சின் ஓடியது, ஆனால் அதன் எடையைத் தாங்காமல் வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள் உடைந்தன! அடுத்து, பாலத்துக்கு அடியிலும் குகைப் பாதையிலும் நுழையும்படி அகலமும் உயரமும் குறைவாக இருக்க வேண்டும். செங்கல் சுவருக்கு அங்கே இடமே இல்லை. ஓயாத ஆட்டத்தையும் அதிர்ச்சியையும் தாங்க வேண்டும். மேடு வந்தால் உடனே அதிக நீராவி கொடுக்க வேண்டும். சிறிய உடம்பு, பெரிய பசி!

இந்தப் புதிருக்கு விடை 1829-ஆம் ஆண்டில் கிடைத்தது. இங்கிலாந்தில் ரெய்ன்ஹில் என்னும் இடத்தில் நடந்த இஞ்சின் போட்டியில் ஸ்டீவன்சன் குழுவினரின் 'ராக்கெட்' வெற்றி பெற்றது. அதன் கொதிகலனில் ஒரு பெரிய குழாய்க்குப் பதிலாக மூன்று அங்குல விட்டமுள்ள 25 செப்புக் குழாய்கள் இருந்தன. பல குழாய்களை வைக்கும் யோசனையைச் சொன்னவர் ஹென்றி பூத். ஏறக்குறைய அதே காலத்தில் பிரான்சு நாட்டில் மார்க் செகான் என்பவரும் இதே வழியைக் கண்டிருந்தார்.

பல குழாய்கள் வைப்பதில் என்ன ஆதாயம்? மரவள்ளிக்கிழங்கை முழுதாக வேகவைத்தால் நேரமாகும். துண்டு துண்டாக நறுக்கிப் போட்டால் சீக்கிரம் வெந்துவிடும். சூடு படும் பரப்பு கூடுவதுதான் காரணம். ஒரு சிறு கணக்குப் போடுவோம். பன்னிரண்டு அங்குல விட்டமுள்ள ஒரு குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாய் அளவுக்குச் சமமாக மூன்று அங்குலக் குழாய்கள் எத்தனை வேண்டும்? பதினாறு. புகை போகும் வழி இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் பதினாறு சிறு குழாய்களின் சுற்றுப் பரப்பு, ஒரு பெரிய குழாயின் பரப்பைப் போல நான்கு மடங்கு! அதே இடத்துக்குள் நான்கு மடங்கு சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கலாம். பிற்காலத்து இரயில் இஞ்சின்களில் இத்தகைய குழாய்கள் நூற்றுக்கு மேலும் இருந்தன.

ஆக, இரயில் கொதிகலனின் அமைப்பு இப்படி: பின்பக்கம், ஓட்டுநர் நிற்கும் இடத்தில் நெருப்புப் பெட்டி. நடுவில் குழாய்கள் நிறைந்த நீண்ட உருளை. குழாய்களுக்குள் நெருப்புக் காற்று, குழாய்களைச் சுற்றித் தண்ணீர். முன்பக்கம் புகைப் பெட்டி. அதன் தலையில் குட்டையான புகைபோக்கி.

இப்போது புகைபோக்கிக் கேள்விக்கு வருவோம். நெருப்பு எரியக் காற்று வேண்டும். விறகடுப்பை ஊதுகுழலால் ஊதுகிறோம். ஆலையில் யார் ஊதுவது? உயர்ந்த புகைபோக்கிதான். அதன் உள்ளே இருக்கும் சூடான புகை எடை குறைந்தது. அது மேலே கிளம்ப, கீழே அடுப்புக்குள் குளிர்ந்த காற்று தானாக இழுக்கப்படுகிறது. கூண்டு உயர உயர இழுப்பும் கூடும். அதற்காகவே அவ்வளவு உயரமாகக் கட்டினார்கள். இக்காலத்து ஆலைகளில் இந்த இழுப்புக்குப் பெரிய விசிறிகள் துணை நிற்கின்றன.

இரயிலில் உயரமான கூண்டு வைத்தால் முதல் பாலத்திலேயே தட்டிவிடும். எனவே பொறியாளர்கள் ஓர் உபாயம் செய்தார்கள். உருளையில் உந்துதண்டைத் தள்ளி வேலை முடித்த நீராவியைச் சும்மா வெளியே விடாமல், புகைப் பெட்டிக்குள் ஒரு கூரிய மூக்கு வழியாகப் புகைபோக்கியை நோக்கிப் பீறிட வைத்தார்கள். அது போகிற வேகத்தில் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். பின்னால் நெருப்புப் பெட்டிக்குள் புதுக்காற்று பாயும். 'குப்... குப்...' என்று இரயில் இஞ்சின் சத்தம் போட்டதே, அது வேறொன்றுமில்லை. இஞ்சின் தன் நெருப்பைத் தானே ஊதிக்கொண்ட சத்தம்தான். மேட்டில் ஏறும்போது அதிக நீராவி செலவாகும். அந்த நீராவியே நெருப்பைப் பலமாக ஊதும். நெருப்பு கனன்று மேலும் நீராவியைத் தரும். உழைப்பு கூடக்கூட ஊக்கமும் கூடும் ஏற்பாடு இது. என்ன அழகான எண்ணம்!

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. வேலை முடித்த நீராவி அத்தனையும் காற்றில் கலந்து போயிற்று. அதனால் இரயில் இஞ்சின் தீராத தாகம் கொண்டது. நிலையத்துக்கு நிலையம் தண்ணீர்த் தொட்டிகள் நின்றது அதற்காகத்தான். எரித்த கரியில் இருந்த சக்தியில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூட வண்டியை இழுக்கப் பயன்பட்டதில்லை.

நம் நாட்டில் முதல் இரயில் பாதை 1885-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. அன்று தொடங்கி நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைந்த காலம் நீராவி இஞ்சின்கள் நம் மலைகளையும் ரப்பர்க் காடுகளையும் கடந்து ஓடின. அவற்றில் புகழ்பெற்றவை, பிரிட்டனின் நார்த் பிரிட்டிஷ் தொழிற்சாலை 1938-ஆம் ஆண்டு முதல் கட்டித் தந்த பெரிய பயணிகள் வண்டி இஞ்சின்கள். ஒரு மீட்டர் அகலமே உள்ள பாதையில் ஓடிய அவற்றின் கொதிகலனில் சதுர அங்குலத்துக்கு 250 இறாத்தல் அழுத்தம் இருந்தது. 1957-ஆம் ஆண்டில் நீண்டதூர வண்டிகளை இழுக்க டீசல் இஞ்சின்கள் வந்தன. 1970-களில் நீராவியின் காலம் முடிந்தது. அந்த இஞ்சின்களைப் பழுது பார்த்த செந்தூல் பட்டறையில் நம்மவர் பலர் தலைமுறை தலைமுறையாக வேலை செய்தனர். கொதிகலக் குழாய்களை மாற்றுவதும், படிந்த உப்பைச் சுரண்டுவதும், ஆணிகளை அறைவதும் அந்தக் கைகளுக்குப் பழக்கமான வேலைகள்.

நேயர்களே, இப்போது பெரியவர் சொன்ன வெடிகுண்டுக்கு வருவோம். சதுர அங்குலத்துக்கு 250 இறாத்தல் அழுத்தத்தில் தண்ணீரின் சூடு ஏறத்தாழ 208 பாகை. கலம் பிளந்தால், அந்த அழுத்தம் ஒரு நொடியில் மறைந்துவிடும். திறந்த வெளியில் தண்ணீர் 100 பாகைக்கு மேல் தண்ணீராக இருக்க முடியாது. ஆகவே அதில் ஐந்தில் ஒரு பங்கு அந்தக் கணமே ஆவியாக வெடித்துக் கிளம்பும். ஒரு டன் தண்ணீருக்கு இருநூறு லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும், அது மூன்று லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட நீராவியாகும்! கொதிகலனில் நாம் அஞ்ச வேண்டியது நீராவியைக் காட்டிலும் அந்தச் சூடேறிய தண்ணீரைத்தான்.

கலம் ஏன் பிளக்கிறது? ஒரு காரணம் அளவுக்கு மீறிய அழுத்தம். இன்னொன்று, தண்ணீர் குறைவது. பழைய கெண்டியை அடுப்பில் வைக்கிறோம். தண்ணீர் இருக்கும் வரை கெண்டிக்கு ஒன்றும் ஆவதில்லை. தண்ணீர் வற்றினால் அடி கருகி ஓட்டை விழுகிறது. தண்ணீர்தான் கெண்டியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. இரயில் இஞ்சினில் நெருப்புப் பெட்டியின் கூரைக்கு மேல் சில அங்குலத் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். அது வடிந்துவிட்டால் கூரைத் தகடு பழுக்கக் காய்ந்து, வலுவிழந்து, மேலிருக்கும் அழுத்தத்தில் உள்ளே இடிந்துவிடும். ஓடும் கொதிகலனில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். மேட்டில் ஏறி மறுபுறம் இறங்கும்போது தண்ணீர் முன்பக்கம் சரியும். கூரை வெளியே தெரிந்துவிடும். இதனால்தான் நெருப்புக்காரர் கரி தள்ளுவதோடு கண்ணாடிக் குழாயில் தெரியும் தண்ணீர் மட்டத்தையும் ஓயாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரும் அயர்ந்துவிட்டால்? அதற்குத்தான் கூரைத் தகட்டில் ஈயம் வைத்த அடைப்பு ஒன்று இருந்தது. ஈயம் 327 பாகையில் உருகும். தண்ணீர் மூடியிருக்கும் வரை அது உருகாது. தண்ணீர் வடிந்தால் முதலில் உருகுவது அதுதான். உடனே நீராவி நெருப்புப் பெட்டிக்குள் சீறி, 'ஆபத்து' என்று கூவும்; நெருப்பையும் தணிக்கும். லங்காஷயர் கொதிகலனிலும் நெருப்புக் குழாயின் உச்சியில் இதே அடைப்பு உண்டு. எங்கள் வீட்டுக் குக்கரில் உருகிய குமிழும் இந்த வேலையைத்தான் செய்தது. தன்னை அழித்துக்கொண்டு நம்மைக் காத்தது. நானோ அதைத் திருகாணியால் அடைத்தேன்!

இந்த ஈய அடைப்பைப் புகுத்தியவர் அதே ட்ரெவிதிக்தான். அதன் பின்னால் ஒரு துயரக் கதை இருக்கிறது. 1803-ஆம் ஆண்டு லண்டனை அடுத்த கிரீனிச்சில் அவருடைய கொதிகலன் ஒன்று வெடித்து நால்வர் உயிரிழந்தனர். நடந்ததை அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டிய சிறுவன் விலாங்கு மீன் பிடிக்கப் போய்விட்டான். பொறுப்பை ஒரு கூலியாளிடம் விட்டான். இயந்திரம் வழக்கத்தைவிட வேகமாக ஓடுவதைக் கண்ட அவர் அதை நிறுத்தினார். ஆனால் நீராவி வெளியேறும் நெம்புகோலை அழுத்திப் பிடித்திருந்த கருவியை எடுக்கவில்லை. நீராவிக்குப் போக வழியில்லை. சிறிது நேரத்தில் கலம் வெடித்தது. அதன் பிறகுதான் இரண்டு பாதுகாப்பு வால்வுகளும் ஈய அடைப்பும் வைக்கும் வழக்கத்தை அவர் ஏற்படுத்தினார். அந்தக் கூலியாளை நாம் குறை கூறலாமா? அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுக்காமல் ஒருவர் கையில் நெருப்பைக் கொடுத்ததுதான் குற்றம்.

கலத்துக்குள் இவ்வளவு தண்ணீர் இருப்பதுதானே ஆபத்து? அதைக் குறைத்தால் என்ன என்று சிலர் சிந்தித்தார்கள். அப்படிப் பிறந்தது நீர்க்குழாய்க் கொதிகலன். 1867-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பாப்காக், வில்காக்ஸ் என்ற இருவர் இதற்கு உரிமை பெற்றனர். இதில் எல்லாம் தலைகீழ். குழாய்களுக்குள் தண்ணீர், குழாய்களுக்கு வெளியே நெருப்பு! நம் செம்பனை ஆலைகளில் இன்று பெரும்பாலும் காண்பது இந்த வகைதான். மேலே ஓர் உருளை, கீழே ஓர் உருளை, இரண்டையும் இணைக்கும் எண்ணற்ற குழாய்கள். சூடேறிய தண்ணீர் குழாய் வழியே மேலே எழும். குளிர்ந்த தண்ணீர் வேறு குழாய் வழியே கீழே இறங்கும். மேல் உருளையில் ஆவி பிரியும்.

பெரிய உருளையை உயர்ந்த அழுத்தத்துக்குச் செய்ய வேண்டுமானால் தகடு மிகத் தடிப்பாக வேண்டும். சிறிய குழாயோ மெல்லியதாக இருந்தாலும் பெரும் அழுத்தத்தைத் தாங்கும். ஒரு குழாய் வெடித்தாலும் கலம் முழுவதும் பிளப்பதில்லை. ஆலைக் கொதிகலன்கள் சதுர அங்குலத்துக்கு 300 இறாத்தல் அளவில் நாள் முழுதும் உழைப்பது இதனால்தான். அவற்றின் உணவும் ஆலையிலேயே கிடைக்கிறது: எண்ணெய் பிழிந்த நாரும், கொட்டையின் ஓடும். நீராவி முதலில் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. அழுத்தம் குறைந்து வெளிவரும் அதே நீராவி குலைகளை அவிக்கிறது. இரயில் காற்றில் விட்ட செல்வத்தை ஆலை இரண்டு முறை செலவழிக்கிறது.

அப்படியானால் இரயிலுக்கும் இதையே வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வைத்துப் பார்த்தார்கள். 1929-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நைஜல் கிரெஸ்லி என்ற பொறியாளர், 450 இறாத்தல் அழுத்தத்தில் நீர்க்குழாய்க் கொதிகலன் கொண்ட இஞ்சின் ஒன்றைக் கட்டினார். அது தொல்லை தந்துகொண்டே இருந்ததால் 1937-இல் பழைய முறைக் கொதிகலனையே மாட்டிவிட்டார்கள். மற்றொரு நிறுவனத்தின் உயரழுத்த இஞ்சினில், 1930-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதச் சோதனை ஓட்டத்தின்போது குழாய் ஒன்று வெடித்து, உடன் சென்ற ஒருவர் உயிரிழந்தார். வழிநெடுகக் கிடைக்கும் பலவகைத் தண்ணீரும், ஓயாத ஆட்டமும் அந்த நுட்பமான குழாய்களுக்கு ஒத்துவரவில்லை. நிற்பதற்கு நல்லது ஓடுவதற்கு நல்லதாக அமையவில்லை.

நீர்க்குழாய்க் கொதிகலனுக்கும் குறை உண்டு. உள்ளே தண்ணீர் குறைவு என்பதால் சேமிப்பும் குறைவு. தண்ணீர் ஊட்டும் பம்பு நின்றால், லங்காஷயர் கொதிகலன் பொறுத்துக்கொள்ளும் நேரத்தை இது பொறுக்காது. சில நிமிடங்களிலேயே குழாய்கள் காய்ந்துவிடும். தண்ணீரும் சுத்திகரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாயின் உட்புறம் உப்பு படிந்து, சூடு தண்ணீருக்குப் போகாமல் இரும்பிலேயே தங்கிக் குழாய் கெட்டுவிடும். அமைப்பு எத்தனை மாறினாலும், தண்ணீர் மட்டத்தைப் பார்க்கும் கண்ணுக்கு ஓய்வு கிடைக்கவில்லை.

1905-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள், அமெரிக்காவின் பிராக்டன் நகரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் கொதிகலன் வெடித்து 58 பேர் மாண்டார்கள். அதன் பிறகுதான் அந்த மாநிலம் கொதிகலன்களுக்குக் கடுமையான விதிகள் செய்தது. நம் நாட்டில் 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் கொதிகலனைச் சோதித்துச் சான்றிதழ் பெற வேண்டும் என்றும், தகுதிச் சான்று பெற்றவரே அதை இயக்க வேண்டும் என்றும் விதித்தது. 2024-ஆம் ஆண்டு ஜூன் முதல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டு, பாதுகாப்புக் கடமைகள் 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டுள்ளன. ஆக, பாய்லர் பார்ப்பது வெறும் அடுப்பெரிக்கும் வேலையல்ல; படித்து, தேர்வு எழுதி, சான்று பெறும் தொழில். ஆலையில் உதவியாளராக இருக்கும் உங்கள் பிள்ளைகள் அந்தத் தேர்வுக்கு முயலட்டும். கணக்கும் அறிவியலும் அவர்களுக்கு எதற்கு என்று யாரேனும் கேட்டால், இந்தப் பதிலைச் சொல்லுங்கள்.

பெரியவரிடம் நான் கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன்.

"இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது பயந்தீங்களா ஐயா?"

"தினமும் பயந்தேன் தம்பி. கண்ணாடியில தண்ணி தெரியுதான்னு பார்க்கிற பயம். அந்தப் பயம் போயிட்டா, மறுநாள் வேலைக்கு வரக் கூடாது" என்றார்.

நிற்கும் கொதிகலன் தன் இடத்துக்கேற்ற உருவம் கொண்டது. ஓடிய கொதிகலன் தன் பாதைக்கேற்ற உருவம் கொண்டது. உருவங்கள் வேறு, காக்க வேண்டிய முறை ஒன்றே. தண்ணீர் குறையக் கூடாது. ஆவிக்கு வழி அடைபடக் கூடாது. இன்றிரவு குக்கரை அடுப்பில் ஏற்றுமுன், தாய்மார்களே, வெயிட் பொருந்தும் துளையை ஒருமுறை ஊதிப் பாருங்கள். பாதுகாப்புக் குமிழ் உருகியிருந்தால், அதற்கென்று விற்கும் புதியதையே வாங்கிப் பொருத்துங்கள். திருகாணி போட வேண்டாம். போட்டவன் சொல்கிறேன்!